கியூ 35: மருத்துவமனைப் பில்லில் ஓர் எழுத்து செய்யும் வேலை

ஈப்போ சாலைகளில் ஓடும் வண்டிகளின் எண் தகடு பெரும்பாலும் ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்கும். ‘ஜே’ என்றால் ஜொகூர் வண்டி. ‘கியூ’ என்றால் சரவாக்கில் பதிவான வண்டி. முதல் எழுத்தைப் பார்த்ததுமே வண்டி எந்த ஊர் என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள்.

மருத்துவமனைக் கோப்பிலும் நோய்க்கு இப்படி ஓர் எண் உண்டு. அங்கே ‘கியூ’ என்று தொடங்கினால், அந்தக் குறை பிறவியிலேயே வந்தது என்று பொருள். வண்டியின் எழுத்தால் யாருக்கும் நட்டமில்லை. நோயின் எழுத்தால் ஒரு குடும்பத்தின் சேமிப்பே கரையலாம்.

நான் சுகாதாரத் தகவல் நிர்வாகம் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி என்று படித்து வந்தவள். “டாக்டருக்கா படிக்கிறாய், நர்ஸுக்கா?” என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். இரண்டும் இல்லை. டாக்டர் எழுதியதை எண்ணாக மாற்றும் வேலைக்குப் படிக்கிறேன். இதற்கு ‘மெடிக்கல் கோடிங்’ என்று பெயர். அந்த எண்ணை வைத்துப் பணம் கேட்பது ‘மெடிக்கல் பில்லிங்’. இந்த வேலை எப்படி நடக்கிறது, அது நம் வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதை ஒரே ஒரு சிகிச்சையை எடுத்துக்கொண்டு சொல்லப் பார்க்கிறேன். அந்தச் சிகிச்சை, அண்ணப் பிளவை மூடும் அறுவைச் சிகிச்சை.

அண்ணப் பிளவு என்றால் என்ன?

நாக்கை மேலே தூக்கினால் தொடும் இடம் அண்ணம். அது வாயையும் மூக்கையும் பிரிக்கும் கூரை. முன்பகுதி எலும்பு, பின்பகுதி தசை. தாயின் வயிற்றில் குழந்தை வளரும் முதல் மூன்று மாதங்களுக்குள் இரு பக்கமும் வளர்ந்து நடுவில் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் நின்றுவிட்டால் அண்ணப் பிளவு. மேலுதடு ஒட்டாமல் நின்றால் உதட்டுப் பிளவு. இரண்டும் சேர்ந்தும் வரலாம். உலகளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒருவருக்கு இந்த இரண்டில் ஒன்றோ, இரண்டுமோ இருப்பதாகப் பாடநூல்களில் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது.

கிரகணத்தன்று கர்ப்பிணி கத்தியைத் தொட்டதால் வந்தது என்று நம் பாட்டிமார்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. மரபணுவும் கர்ப்ப காலச் சூழலும் சேர்ந்து செய்யும் வேலை இது. புகைபிடித்தல், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, சில வலிப்பு மருந்துகள் ஆகியவை ஆபத்தைக் கூட்டும் என்பது தெரியும். பல குழந்தைகளுக்கு எந்தக் காரணமும் பிடிபடுவதில்லை. தாயைக் குறை சொல்ல இதில் ஒன்றுமே இல்லை.

ஒரு குழந்தை, பல பில்கள்

‘ஒரு ஆப்பரேஷன் செய்தால் சரியாகிவிடும்’ என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மையில் இது பதினெட்டு ஆண்டுப் பயணம்.

உதட்டுப் பிளவு இருந்தால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் முதல் அறுவைச் சிகிச்சை. அண்ணத்தை மூடுவது பெரும்பாலும் ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள். அதற்கு மேல் தள்ளிப்போனால் பேச்சு பாதிக்கப்படும். இந்தக் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்குவது மிகச் சாதாரணம். காதில் சிறு குழாய் வைக்க வேண்டி வரலாம். பேச ஆரம்பித்ததும் பேச்சுப் பயிற்சி. சிலருக்கு ஐந்து வயதையொட்டி மூக்கு வழியாகக் காற்று கசிவதைத் தடுக்க இன்னோர் அறுவைச் சிகிச்சை. ஈறு எலும்பிலும் பிளவு இருந்தால் எட்டு முதல் பதினோரு வயதுக்குள் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து அங்கே வைப்பார்கள். பிறகு பல்லுக்குக் கம்பி. வளர்ச்சி நின்ற பிறகு, தேவைப்பட்டால் தாடை, மூக்குத் திருத்தம்.

ஒவ்வொரு படிக்கும் ஒரு கோப்பு, ஒரு குறியீடு, ஒரு பில். இந்தப் பிள்ளைகளுக்குக் குறியீடு எவ்வளவு முக்கியம் என்பதை இந்தப் பட்டியலே சொல்லும்.

கியூ 35, 36, 37

உலக சுகாதார நிறுவனம் பராமரிக்கும் நோய்ப் பட்டியலின் பெயர் ஐ.சி.டி. இதன் வேர் 1893-இல் பாரிஸ் புள்ளியியலாளர் ழாக் பெர்த்தியோன் தயாரித்த மரணக் காரணங்களின் பட்டியல். அதன் பத்தாம் பதிப்பை 1990-இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்றது. பதினொன்றாம் பதிப்பு 2022-இல் நடப்புக்கு வந்தது. நாடுகள் மெல்ல மெல்ல அதற்கு மாறி வருகின்றன.

பத்தாம் பதிப்பில் பிறவிக் கோளாறுகள் பெரும்பாலும் ‘கியூ’ எழுத்தின்கீழ் வருகின்றன. அண்ணப் பிளவு மட்டும் என்றால் கியூ 35. உதட்டுப் பிளவு மட்டும் என்றால் கியூ 36. இரண்டும் சேர்ந்தால் கியூ 37. உதடும் அண்ணமும் பிளந்த குழந்தைக்கு 35, 36 என்று இரண்டு எண் போடக்கூடாது. 37 என்ற ஒரே எண்தான். வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

புள்ளிக்குப் பின் வரும் எண் இன்னும் நுணுக்கமானது. கியூ 35.1 என்றால் எலும்புள்ள முன் அண்ணம். 35.3 என்றால் தசைப்பகுதியான பின் அண்ணம். 35.5 என்றால் இரண்டும். 35.7 என்றால் உள்நாக்கு மட்டும். 35.9 என்றால் ‘எந்த இடம் என்று குறிப்பிடவில்லை’. இந்த 35.9 எங்கள் துறையில் யாரும் விரும்பாத எண். டாக்டர் அவசரத்தில் ‘அண்ணப் பிளவு’ என்று மட்டும் எழுதிவிட்டால், குறியீட்டாளர் தாமாக ஊகித்து 35.5 போட முடியாது. டாக்டரிடம் திரும்பக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் 35.9-தான். கோப்பில் எழுதாத ஒன்றுக்கு எண் கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். குழந்தைக்குத் தாடை சிறுத்து, நாக்கு பின்னுக்குப் போய், மூச்சுத் திணறலோடு அண்ணப் பிளவு இருந்தால் அது பியேர் ரோபின் தொடர் எனப்படும். அதற்குக் கியூ 87.0 என்ற எண்ணையும் சேர்க்க வேண்டும். இதயத்தின் கீழறைகளுக்கு இடையே ஓட்டை இருந்தால் கியூ 21.0. இவற்றை விட்டுவிட்டால், காகிதத்தில் அந்தக் குழந்தை உண்மையில் இருப்பதைவிட ஆரோக்கியமாகத் தெரியும். ஐ.சி.யு.-வில் ஏன் நான்கு நாள் இருந்தது என்று பில்லைப் பார்ப்பவருக்குப் புரியாது.

சென்னையில் ஓர் எண், ஈப்போவில் ஓர் எண்

நோய்க்கு ஓர் எண் என்றால், செய்த சிகிச்சைக்கு வேறோர் எண். இங்கேதான் நாட்டுக்கு நாடு மாறுகிறது.

நம் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகள் நோய்க்கு ஐ.சி.டி. பத்தாம் பதிப்பையும், சிகிச்சைக்கு ஐ.சி.டி. ஒன்பதாம் பதிப்பின் அமெரிக்க வடிவத்தில் உள்ள சிகிச்சைப் பட்டியலையும் பயன்படுத்தி வந்துள்ளன. அதில் அண்ணப் பிளவைச் சரிசெய்வது 27.62. ஏற்கெனவே செய்ததைத் திருத்துவது 27.63. உதட்டுப் பிளவுக்கு 27.54. காதில் குழாய் வைப்பது 20.01.

அமெரிக்காவில் டாக்டர்களின் கட்டணத்துக்கு வேறு பட்டியல். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966-இல் தொடங்கிய சி.பி.டி. அது. அதில் அண்ணப் பிளவை மூடுவது 42200. ஈறு எலும்பையும் சேர்த்து எலும்பு வைத்து மூடினால் 42210. பெரிய மறுதிருத்தம் என்றால் 42215. டாக்டர் லாங்கன்பெக் முறையில் தைத்தாரா, ஃபர்லோ முறையில் தைத்தாரா என்பது இந்த எண்ணில் தெரியாது. எதைச் சரிசெய்தார் என்பதுதான் எண். எப்படிச் செய்தார் என்பது கோப்பில் இருக்கும்.

42210-இல் ஒரு பாடம் உண்டு. இடுப்பிலிருந்து எலும்பு எடுப்பதும் அந்த எண்ணுக்குள்ளேயே அடக்கம். எலும்பு எடுத்ததற்குத் தனியாக இன்னோர் எண் போட்டுப் பணம் கேட்டால், ஒரே வேலைக்கு இரண்டு முறை பில் போட்டதாகும். அமெரிக்காவில் இதற்கு விசாரணை, அபராதம் எல்லாம் உண்டு.

அந்த அமெரிக்கப் பில்களில் ஏராளமானவற்றுக்கு எண் போடுவது யார் தெரியுமா? சென்னை, கோயம்புத்தூர், திருச்சி போன்ற ஊர்களில் உட்கார்ந்திருக்கும் நம் வயதுப் பட்டதாரிகள்தான். உயிரியல், மருந்தியல், தாதிமை படித்தவர்கள் சில மாதப் பயிற்சிக்குப் பின் இந்த வேலைக்குப் போகிறார்கள். டெக்சாஸ் குழந்தையின் அண்ணத்தில் போட்ட தையலுக்குச் சென்னையில் எண் போடப்படுகிறது. உலகமே ஒரு பட்டியலைப் பார்த்து வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியாது.

மெடிக்கல் கார்டு கைவிடும் இடம்

இனி நம் வீட்டுக்கு வருவோம். என் பெரியம்மா மகள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் இருக்கிறார். எங்கள் தாத்தா காலத்தில் அது ரப்பர்த் தோட்டம். அக்காவுக்குப் பிறந்த மகனுக்குப் பின் அண்ணத்தில் பிளவு. உதடு நன்றாக இருந்ததால் பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. பால் குடிக்கும்போது மூக்கு வழியாக வந்த பிறகுதான் தெரிந்தது.

மாமா ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். மாதாமாதம் பணம் கட்டி, குழந்தைக்கும் மெடிக்கல் கார்டு எடுத்திருந்தார். தனியார் மருத்துவமனை ஒன்று தோராயச் செலவைச் சொன்னது; ஐந்து இலக்கத் தொகை. காப்புறுதி நிறுவனத்திடம் உத்தரவாதக் கடிதம் கேட்டார்கள். ஒரே நாளில் பதில் வந்தது: பிறவிக் கோளாறு, பாலிசியில் சேராது.

“பணம் கட்டும்போது இதை யாரும் சொல்லவில்லையே” என்றார் அக்கா. பாலிசிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ‘விலக்குகள்’ என்ற தலைப்பின்கீழ், பிறவிக் குறைபாடுகளும் மரபுவழி நோய்களும் சேராது என்று ஒரே வரியில் இருந்தது. இது அந்த ஒரு பாலிசியில் மட்டும் உள்ளதன்று. நம் நாட்டில் விற்கப்படும் மெடிக்கல் கார்டுகளில் மிகவும் வழக்கமான விலக்கு இது.

தெரிந்தவர் ஒருவர் யோசனை சொன்னார்: “டாக்டரிடம் சொல்லி வேறு மாதிரி எழுதச் சொல்லுங்களேன்.” கேட்பதற்குச் சின்ன விஷயம்போல் இருக்கும். ஆனால் அது பொய்க் கோரிக்கை. பாலிசியே ரத்தாகலாம், டாக்டர் உரிமத்தை இழக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்தப் பொய் எண் குழந்தையின் கோப்பில் தங்கிவிடும். பத்து வயதில் எலும்பு வைக்கும்போது வேறோர் டாக்டர் அந்தக் கோப்பைத்தான் திறப்பார். கியூ எழுத்துக்கு வயதும் கிடையாது. பதினெட்டு வயதில் திருத்தம் செய்தாலும் அது பிறவிப் பிளவுக்கான சிகிச்சைதான்.

ஆக, எண் சரியாக இருக்கிறது. அந்தச் சரியான எண்ணே குடும்பத்துக்கு எதிராக நிற்கிறது. எண்ணை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. பாலிசி விதியைத்தான் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. பிறக்கும்போதே வந்த குறைக்குக் குழந்தை எந்த விதத்தில் பொறுப்பு? புகைபிடித்துப் புற்றுநோய் வந்தவருக்குப் பணம் கொடுக்கும் அதே கார்டு, எந்தத் தவறும் செய்யாத குழந்தையைக் கைவிடுகிறது. பேச்சையும் சாப்பாட்டையும் திருப்பித் தரும் சிகிச்சை இது, அழகுக்காகச் செய்வதன்று.

கர்ப்ப காலத்திலேயே எடுக்கும் சில காப்புறுதித் திட்டங்கள், பட்டியலிட்ட பிறவிக் கோளாறுகள் சிலவற்றுக்கு இழப்பீடு தருகின்றன. சில நிறுவனங்களின் குழுக் காப்புறுதியிலும் ஓரளவு இடம் இருக்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் முகவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “கியூ எண் உள்ள நோய்க்கு இதில் என்ன உண்டு? எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?”

மூன்று ரிங்கிட் வார்டிலும் எண் எதற்கு?

அக்கா மகன் அரசாங்க மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டான். முதலில் கிளினிக் கெசிஹாத்தானில் கடிதம், பிறகு நிபுணர் சிகிச்சையகம், பிறகு காத்திருப்பு. குடிமக்களுக்கு மூன்றாம் வகுப்பு வார்டில் நாள் ஒன்றுக்கு 3 ரிங்கிட் என்பது 1982-ஆம் ஆண்டு மருத்துவக் கட்டண உத்தரவின் வழியில் பல பத்தாண்டுகளாக வந்த கட்டணம். நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். மீதியை அரசாங்கம் ஏற்கிறது. இங்கே கியூ எழுத்தைப் பார்த்து யாரும் கதவைச் சாத்துவதில்லை.

ஆனால் இந்தச் சலுகை ஒரு காகிதத்தைப் பொறுத்தது. குடிமக்கள் அல்லாதவர்களுக்கு மானியமில்லாத வேறு கட்டணம். தோட்டப்புறங்களில் இன்னும் பிறப்புப் பத்திரச் சிக்கலோ அடையாள அட்டைச் சிக்கலோ உள்ள குடும்பங்கள் உண்டு. அந்த வீட்டுக் குழந்தைக்கு அண்ணப் பிளவு என்றால் முதல் தடை சிகிச்சைக்கு முன்பே பதிவிலாகாவில் வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட குடும்பம் பக்கத்தில் இருந்தால், பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் உள்ள மருத்துவச் சமூகப்பணிப் பிரிவை அணுகச் சொல்லுங்கள். கட்டண உதவிக்கும் வழிகாட்டலுக்கும் அதுதான் வாசல். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதியைப் பற்றியும் அங்கே கேட்கலாம்.

பில் 3 ரிங்கிட்தான் என்றால் எண் எதற்கு என்று தோன்றும். எண் அங்கே பணம் கேட்பதற்காக அன்று, கணக்கெடுப்பதற்காக. ஆண்டுக்கு எத்தனை 27.62 நடந்தது, எத்தனை 27.63 நடந்தது, எத்தனை நாள் வார்டில் இருந்தார்கள் என்பதெல்லாம் எண்ணிலிருந்துதான் தெரியும். 27.63 கூடினால், முதல் சிகிச்சைகள் ஏன் திருத்தம் கேட்கின்றன என்று யாராவது பார்க்க வேண்டும். ஒரு மாநிலத்தில் எண்ணிக்கை கூடினால் அங்கே அறுவை மருத்துவர் வேண்டும், ஆப்பரேஷன் தியேட்டரில் நேரம் வேண்டும் என்று கேட்க ஆதாரம் கிடைக்கும். எல்லாம் 35.9 என்று பதிவானால் அந்த ஆதாரம் மங்கிவிடும்.

இந்தக் கணக்கின் அடுத்த கட்டம் டி.ஆர்.ஜி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டர், ஜான் தாம்சன் இருவரும் உருவாக்கிய முறை. 1983-இல் அமெரிக்க அரசு முதியோர் காப்புறுதிக்கு அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஒரே மாதிரிச் செலவாகும் நோயாளிகளை ஒரு குழுவாக்கி, குழுவுக்கு ஒரு விலை நிர்ணயிப்பதுதான் அது. நம் நாட்டில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை 2002-இலேயே இவ்வகைக் கணக்கைத் தொடங்கியது. காப்புறுதிக் கட்டண உயர்வு பெரும் சர்ச்சையான பிறகு, 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா அந்த உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரவலாக்கச் சொன்னது. 2025-இல் அறிவிக்கப்பட்ட ‘ரிசெட்’ திட்டத்தில் தனியார் மருத்துவமனைகளுக்கும் டி.ஆர்.ஜி. கட்டண முறையைக் கொண்டுவருவது ஓர் அங்கம்.

அது வந்தால், கியூ 35.5-உடன் 87.0-வும் 21.0-வும் சேர்த்து எழுதப்பட்டதா இல்லையா என்பதே மருத்துவமனைக்கு எவ்வளவு பணம் என்பதைத் தீர்மானிக்கும். குறைத்து எழுதினால் சிக்கலான குழந்தைகளை ஏற்கும் மருத்துவமனைக்கு நட்டம். கூட்டி எழுதினால் நம் எல்லோரின் காப்புறுதிப் பணத்துக்கும் நட்டம். நடுவில் நிற்பவர் குறியீட்டாளர்.

பில்லைக் கையில் வாங்கும்போது

தனியார் மருத்துவமனையில்தான் செய்கிறோம் என்றால் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்று: 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டமும் 2006-ஆம் ஆண்டு விதிமுறைகளும் டாக்டர்களின் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்துள்ளன. பதின்மூன்றாம் அட்டவணை என்று இதைச் சொல்வார்கள், 2013-இல் திருத்தப்பட்டது. அறுவை மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர் ஆகியோரின் கட்டணம் அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும்.

இரண்டு: மருத்துவமனையின் சொந்தக் கட்டணங்களுக்கு அந்த அட்டவணையில் வரம்பு இல்லை. அறை, தியேட்டர், மருந்து, பஞ்சு, ஊசி எல்லாம் இதில் சேரும். பில் பெரிதாவது பெரும்பாலும் இங்கேதான். ‘மருத்துவப் பொருள்கள்’ என்று ஒரே வரியில் பெரிய தொகை இருந்தால் விவரம் கேளுங்கள். தோராயச் செலவை முன்கூட்டியே கேட்கவும், வரிவரியான பில்லைக் கேட்டுப் பெறவும் நோயாளிக்கு உரிமை உண்டு. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மூன்று: பில்லில் உள்ள நோயின் பெயரும், டாக்டரின் அறிக்கையில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். காதில் நீர் தேங்கியதற்குச் சிகிச்சை செய்தால், அந்த நோய்க்கு ‘எச் 65’ வரிசையில் தனி எண் உண்டு. பிளவில்லாத குழந்தைகளுக்கும் வரும் நோய் அது. இருந்தும், ‘பிளவால் வந்தது, ஆகவே பிறவிக் கோளாறு’ என்று கோரிக்கை மறுக்கப்படலாம். அப்போது காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் இறுதிப் பதிலில் திருப்தி இல்லையென்றால் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவைக்குப் போகலாம். 2025 ஜனவரி முதல் எஃப்.எம்.ஓ.எஸ். என்ற பெயரில் இது இயங்குகிறது. பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை; இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

கிராணிக்குப் பின் யார்?

தோட்டத்தில் கிராணியார் செக்ரோலில் பெயர் எழுதினால்தான் அன்றைய கூலி என்று தாத்தா சொல்வார். வெட்டிய பால் எவ்வளவு என்பதைவிட, எழுதப்பட்டது எவ்வளவு என்பதே சம்பளம். பேனா பிடித்தவருக்கு இருந்த மரியாதை அப்படி வந்ததுதான். இன்று மருத்துவமனையில் அந்தப் பேனா குறியீட்டாளர் கையில் இருக்கிறது.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு, மருத்துவம் கிடைக்கவில்லையே என்று சோர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சுகாதாரத் துறை டாக்டர், தாதி ஆகிய இருவரோடு முடிவதில்லை. மருத்துவப் பதிவேடு, குறியீடு, காப்புறுதிக் கோரிக்கை, தரவு ஆய்வு என்று பல வேலைகள் உண்டு. உயிரியலில் ஆர்வம், ஆங்கிலத்தில் வாசிக்கும் பழக்கம், பொறுமை ஆகிய மூன்றும் வேண்டும். உடற்கூறு தெரியாமல் இந்த வேலையில் நிற்க முடியாது. அண்ணத்தின் முன்பகுதி எது, பின்பகுதி எது என்று தெரிந்தால்தான் 35.1-க்கும் 35.3-க்கும் வித்தியாசம் தெரியும். கணினியே தானாக எண்ணைப் பரிந்துரைக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. ஆனால் டாக்டர் எழுதாமல் விட்டதைக் கண்டுபிடித்து, போன் போட்டுக் கேட்பதற்கு இன்னும் ஆள் வேண்டும்.

எண்ணுக்குள் அடங்காதது

27.62 என்ற எண் அண்ணம் மூடப்பட்டது என்று சொல்கிறது. குழந்தை பேசியதா என்று சொல்வதில்லை.

ப, ட, க போன்ற எழுத்துகளைச் சொல்ல வாய்க்குள் காற்று அடைபட்டு வெடிக்க வேண்டும். அண்ணம் திறந்திருந்தால் காற்று மூக்கு வழியாகப் போய்விடும். அப்பா என்று சொல்ல முயன்றால் அம்மா போலக் கேட்கும். அண்ணத்தை மூடிய பிறகும், பழகிப்போன நாக்கை மாற்ற மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். பேச்சுப் பயிற்சிக்கும் பட்டியலில் 93.74 போன்ற எண்கள் இருக்கின்றன. ஆனால் டி.ஆர்.ஜி. போன்ற கணக்குகள் பெரும்பாலும் வார்டில் சேர்ந்தவர்களைச் சுற்றியே போடப்படுகின்றன. வாரம் ஒரு முறை வந்து அரைமணி நேரம் பயிற்சி எடுத்துப் போகும் பிள்ளை அந்தக் கணக்கில் பெரிதாகத் தெரிவதில்லை. அந்தப் பயிற்சி எந்த மொழியில் நடந்தது என்பதற்கோ எண்ணே கிடையாது.

அக்கா மகனுக்கு இப்போது மூன்று வயது. தமிழில் பயிற்சி தரக்கூடிய ஒருவரைத் தேடிப் பல இடம் அலைந்தார்கள். கடைசியில் மலாயில் சொல்லிக் கொடுப்பதை அக்கா வீட்டுக்கு வந்து தமிழில் மாற்றிச் செய்கிறார். பந்து, பாட்டு, பப்பாளி என்று அட்டை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். பேச்சுச் சிகிச்சையும் பல்கலைக்கழகத்தில் படிக்கக்கூடிய துறைதான். நம் பிள்ளைகளில் இன்னும் சிலர் அதற்குப் போனால், இந்த அட்டைகளை எழுதும் வேலையைத் தாய்மார்கள் தனியாகச் செய்ய வேண்டியிருக்காது.